ஆர்வி டிரிப்ல இன்டர்நெட்டுக்கு என்ன பண்றது? எல்லாரும் என்கிட்ட கேக்குற கேள்விகள்

நாங்க இருக்கிறது அமெரிக்கால டல்லாஸ் பக்கம். மூணு வருஷத்துக்கு முன்னாடி 24 அடி டிராவல் டிரெய்லர் (டிரக் பின்னாடி மாட்டி இழுத்துட்டு போற ஆர்வி, அதாவது சக்கரம் வச்ச வீடு) ஒண்ணு செகண்ட் ஹேண்ட்ல வாங்குனோம், வீட்டுக்காரரும் நானும் வருஷத்துல சில வாரம் அதுல இருந்தே ஆபீஸ் வேலை பாக்குறோம். அதனால ஸ்கூல் லீவு விட்டா போதும், தெரிஞ்சவங்க ஆர்வி வாடகைக்கு எடுத்துட்டு எனக்குத்தான் போன் போடுவாங்க, எல்லாரும் கேக்குறது ஒரே டவுட்டு. இனிமே இந்தப் பக்கத்த அனுப்பிடலாம்னு உக்காந்து எழுதிட்டேன். விலை எதுவும் போடல, மூணு மாசத்துக்கு ஒருக்கா மாத்துறானுங்க.

"ஆர்வி வாடகைக்கு எடுத்தா அதுலயே வைஃபை இருக்கும்ல அக்கா?"

பெரும்பாலும் இருக்காது. சில வண்டியில "வைஃபை ரெடி"ன்னு ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும், கூரை மேல வெள்ளையா ஒரு டப்பாவும் இருக்கும், அது வெறும் ஆன்டெனா. குழாய் மாட்டி வச்சிருக்கான், தண்ணி கனெக்‌ஷன் நீங்கதான் வாங்கணும். வண்டி எடுக்கும்போதே "உள்ள ஆக்டிவ்வா சிம் இருக்கா, மாசம் எவ்ளோ டேட்டா"ன்னு நேரா கேளுங்க, பதில் மழுப்பலா வந்தா இல்லன்னு அர்த்தம்.

"கேம்ப்கிரவுண்ட்லயே ஃப்ரீ வைஃபைன்னு போட்டிருக்கானே, அது போதாதா?"

சாயங்காலம் ஏழு மணிக்கு போதாது. நூறு வண்டி நிக்கிற இடத்துல எல்லாரும் ஒரே நேரத்துல படம் போட்டு உக்காருவாங்க, இருக்கிறது ஒரே லைன், அதுவும் டவுன்லேர்ந்து ரொம்ப தூரம் இழுத்துட்டு வந்த லைன். ஆபீஸ் கட்டிடம் பக்கத்துல நின்னா கொஞ்சம் பரவால்ல.

ஆனா காலைல எல்லாரும் ஹைக்கிங் போயிட்டா அதே வைஃபை பறக்கும். எங்க மாமனார் இதை கரெக்டா கண்டுபிடிச்சிட்டார், ஏன்னா இந்தியால ராத்திரி ஏழரைக்கு ஆரம்பிக்கிற ஐபிஎல் மேட்ச் நமக்கு சென்ட்ரல் டைம்ல காலைல ஒம்பது மணி, அந்நேரம் கேம்ப்கிரவுண்டே காலி, மனுஷன் ஒரு தடவ கூட பஃபர் ஆகாம பாத்து முடிச்சார். பெரிய டவுன்லோடு ஏதாவது இருந்தா அந்த நேரத்துல போட்டுடுங்க.

"எங்க போன்ல அன்லிமிடெட் பிளான்தான், ஹாட்ஸ்பாட் போட்டா முடிஞ்சுது இல்ல?"

நாலு நாள் டிரிப்புக்கு, டவர் கிடைக்கிற ஊரா இருந்தா, முடிஞ்சுது. ஆனா அன்லிமிடெட்ங்கறது போனுக்குள்ள பாக்குறதுக்கு மட்டும்தான், ஹாட்ஸ்பாட்டுக்கு தனியா ஒரு அளவு இருக்கும், அது தாண்டுனா கட் பண்ணமாட்டான், ஆனா வேகத்தை இறக்கிடுவான், மெயில் திறக்கவே காபி போட்டு குடிச்சிட்டு வரலாம். உங்க பிளான்ல ஹாட்ஸ்பாட் எத்தன ஜிபின்னு கிளம்புறதுக்கு முன்னாடி ஆப்ல பாருங்க, நிறைய பேருக்கு இது தெரியாது.

கணக்கு இப்படி வச்சுக்கோங்க. நெட்ஃப்ளிக்ஸ் அவங்களே சொல்ற கணக்குப்படி சாதா குவாலிட்டி மணிக்கு 1 ஜிபி வரைக்கும், எச்டி 3 ஜிபி வரைக்கும், 4கே 7 ஜிபி வரைக்கும் தின்னும். வீடியோ மீட்டிங்குக்கு மணிக்கு ஒண்ணு ஒன்றரை ஜிபின்னு போடுங்க. ரெண்டு குழந்தைங்க, ஆளுக்கு ஒரு டேப்லெட்டு, ஆட்டோப்ளே ஆன்ல இருந்தா ரெண்டே நாள்ல கதை முடிஞ்சிடும். படங்களை வீட்டு வைஃபைலயே டவுன்லோடு பண்ணி எடுத்துட்டு போங்க, இது ஒண்ணுக்கே பாதி பிரச்சனை போயிடும்.

இன்னொண்ணு, விலை கம்மியா இருக்கிற பிளான்களுக்கு டவர்ல கூட்டம் வந்தா முன்னுரிமை கிடையாது. கோயில்ல சிறப்பு தரிசன டிக்கெட்காரன் வரும்போது தர்ம தரிசன வரிசையை நிறுத்தி வைப்பாங்கல்ல, அதே கதை. சும்மா இருக்கிற டவர்ல வித்தியாசமே தெரியாது, ஜூலை 4 (அமெரிக்க சுதந்திர தினம்) வீக்கெண்ட்ல ஏரிக்கரையில நின்னா நல்லாவே தெரியும்.

"வெரைசான், ஏடி அண்ட் டி, டி-மொபைல், இந்த மூணு சிம் கம்பெனில எது பெஸ்ட்? ஒண்ணு சொல்லுங்க போதும்"

ஒண்ணு சொல்ல முடியாதுப்பா, அதான் உண்மை. உங்க வீட்டுல சூப்பரா வர்றது போற ஊர்ல செத்துக் கிடக்கும். எது பெஸ்ட்டுனு மண்டைய உடைக்கிறதுக்கு பதிலா மூணுல ஏதாவது ரெண்டு வச்சுக்கோங்க. விலை அதிகமான பிளான் ஒண்ணு வாங்குறதவிட ரெண்டு வேற வேற நெட்வொர்க்ல சாதா பிளான் இருந்தா எப்பவுமே நல்லது. இப்ப வர்ற போன் நிறையதுல இ-சிம் (கார்டு போடாம போன்லயே ஏத்திக்கிற சிம்) இருக்கு, சில கம்பெனிங்க கொஞ்ச நாளைக்கு ஃப்ரீ டிரயலே தர்றாங்க, நாலு நாள் டிரிப்புக்கு அதுவே தாராளம்.

இதுல எல்லாரும் விழற குழி ஒண்ணு இருக்கு. "எங்க வீட்டுக்காரர் வெரைசான், நான் விசிபிள், ரெண்டு இருக்கே"ன்னு ஒரு தோழி சொன்னா. விசிபிள் வெரைசானோடது, ரெண்டும் ஒரே டவர். அதே மாதிரி கிரிக்கெட் (நம்ம விளையாட்டு இல்ல, சிம் கம்பெனி) ஏடி அண்ட் டி டவர், மின்ட் டி-மொபைல் டவர். பேர் வேறயா இருந்தா போதாது, டவர் வேறயா இருக்கணும்.

கொஞ்சம் டெக்னிக்கலா கேக்குறவங்களுக்கு: திருவிழா நடக்கும்போது ரெண்டு தெரு தள்ளி நின்னா பாட்டு வரி புரியாது, மேளச்சத்தம் மட்டும் 'தும் தும்'னு கேக்கும்ல, ரேடியோ அலையும் கிட்டத்தட்ட அப்படித்தான், கீழ் ஸ்தாயி அலை ரொம்ப தூரம் போகும், மேல் ஸ்தாயி பக்கத்துலயே நின்னுடும் ஆனா வேகம் ஜாஸ்தி. டி-மொபைலோட 600 மெகாஹெர்ட்ஸ், மத்த ரெண்டு பேரோட 700 மெகாஹெர்ட்ஸ் எல்லாம் காட்டுக்குள்ள வர்ற வகை. 5ஜி விளம்பரத்துல காட்டுற அந்த வேகம் 2.5 கிகாஹெர்ட்ஸ், 3.7 கிகாஹெர்ட்ஸ் அலையில வர்றது, அது ஊர்ப்பக்கம்தான். அதனால காட்டுல போன்ல 5ஜின்னு காட்டுனா சந்தோஷப்பட ஒண்ணுமில்ல, 4ஜியவிட மெதுவா கூட இருக்கும்.

"சிம் கம்பெனியோட கவரேஜ் மேப்ல முழுக்க கலர் அடிச்சிருக்கு, அங்க போய் நின்னா சிக்னலே இல்ல, ஏன்?"

அந்த மேப் யாரும் நடந்து போய் அளந்து போட்டது இல்ல, டவர் இடம், உயரம், மலை மேடு எல்லாம் கம்ப்யூட்டர்ல போட்டு கணக்கு பண்ணி கலர் அடிச்சது. எஃப்சிசி (இங்க இருக்கிற அரசாங்க தொலைத்தொடர்பு ஆணையம்) போடுற பிராட்பேண்ட் மேப்ல மூணு கம்பெனியும் ஒரே இடத்துல பாக்கலாம், அதுல "வெளிய நிக்கும்போது", "ஓடுற வண்டிக்குள்ள"ன்னு ரெண்டு தனித்தனியா இருக்கும், எப்பவும் வண்டிக்குள்ளங்கறத பாருங்க, அதுல கலர் பாதி காணாம போயிடும், மிச்சம் இருக்கிறதுதான் ஓரளவு நம்பலாம்.

அதுக்கு மேல நம்ம வண்டி. அலுமினிய உடம்பு ஏர்ஸ்ட்ரீம் மாதிரி வண்டிக்குள்ள உக்காந்தா போனை எவர்சில்வர் தூக்குச்சட்டிக்குள்ள போட்டு மூடுன மாதிரிதான். ஃபைபர்கிளாஸ் வண்டி கொஞ்சம் தேவல. ஹாட்ஸ்பாட் போனை ஜன்னல் கிட்ட வச்சாலே நல்ல வித்தியாசம் தெரியும், காசு செலவில்லாத வைத்தியம்.

எங்க கதைய சொல்றேன். கொலராடோ பக்கம் ஒரு பார்க்குல அஞ்சு ராத்திரி புக் பண்ணிட்டோம், மேப்ல பளிச்னு கலர். போய் பாத்தா கேம்ப்கிரவுண்டு ஒரு பள்ளத்தாக்குக்குள்ள, ரெண்டு பக்கமும் பாறை, சிக்னல் ஜீரோ. மேட்டு மேல ரெண்டு மைல் ஏறுனா நல்லா வருது. அந்த வாரம் முழுக்க வீட்டுக்காரர் காலைல டிரக்க எடுத்துட்டு பக்கத்து டவுன் லைப்ரரிக்கு போய் வேலை பாத்தார், நான் மேட்டுல காருக்குள்ள. அமெரிக்கால எந்த சின்ன ஊர்லயும் பப்ளிக் லைப்ரரி வைஃபை ஒரு வரப்பிரசாதம், நிறைய இடத்துல மூடுன அப்புறமும் பார்க்கிங்ல நின்னா வரும். அதுலேர்ந்து மேப்ப பாக்குறதோட நிறுத்துறதில்ல, அந்த கேம்ப்கிரவுண்டு ரிவ்யூல "சிக்னல்"னு தேடி, போன ஆறு மாசத்துல யார் எந்த கம்பெனில எவ்ளோ ஸ்பீடுன்னு எழுதியிருக்காங்களானு பாத்துட்டுத்தான் புக் பண்றோம்.

"ஃபுல் டவர் காட்டுது, ஆனா வாட்ஸ்ஆப்ல ஒரு போட்டோ கூட போக மாட்டேங்குது, என்ன கொடுமை இது?"

டவர் தெரியுது, ஆனா டவர்ல கூட்டம். நேஷனல் பார்க் வாசல்ல மத்தியானம் இதுதான் நடக்கும், ஒரே டவர், பல்லாயிரம் டூரிஸ்ட்டு. மேல சொன்ன முன்னுரிமை விஷயமும் இங்கதான் கடிக்கும். விடியக்காலைல அதே இடத்துல டெஸ்ட் பண்ணுங்க, நல்லா வந்தா கூட்டம்தான் காரணம், அப்ப எந்த ஆன்டெனாவும் உதவாது, ரெண்டாவது நெட்வொர்க் மட்டும்தான் உதவும்.

போன் மேல தெரியுற சிக்னல் கோடுங்கள நம்பாதீங்க, நம்பர பாருங்க. ஐபோன்ல *3001#12345# போட்டு டயல் பண்ணா ஃபீல்ட் டெஸ்ட் வரும். அதுல சிக்னல் பலம் மைனஸ் 85 பக்கம் இருந்தா அருமை, மைனஸ் 105ல சமாளிக்கலாம், மைனஸ் 115 தாண்டிட்டா கஷ்டம். மைனஸ்ங்கறதால நம்பர் பெருசாக பெருசாக சிக்னல் மோசம், இத எங்க அம்மாவுக்கு புரிய வைக்கவே ஒரு சாயங்காலம் ஆச்சு. ஸ்பீட் டெஸ்ட்ல எல்லாரும் டவுன்லோடு மட்டும் பாப்பாங்க, மீட்டிங்குக்கு நம்ம முகம் போறது அப்லோடுல, அது ரெண்டு மூணு Mbpsக்கு கீழ போனா வீடியோவ ஆஃப் பண்ணிட்டு வெறும் குரல்ல பேசுங்க.

"சிக்னல் பூஸ்டர்னு ஒண்ணு விக்கிறானே, அத வாங்கி மாட்டிட்டா எல்லா இடத்துலயும் வந்துடுமா?"

பூஜ்யத்த எதால பெருக்குனாலும் பூஜ்யம்தான். கொஞ்சமாவது சிக்னல் இருந்தாத்தான் பூஸ்டர் அத ஏத்தும். ஆர்வம் தாங்காம நாங்களும் ஒண்ணு வாங்குனோம், வாங்கி மாட்டி பாத்தா சில இடத்துல ஸ்பீடு குறைஞ்சே போச்சு. காரணம் அப்புறம்தான் புரிஞ்சுது: இப்ப இருக்கிற போன் டவரோட ரெண்டு மூணு பாதையில ஒரே நேரத்துல பேசும், சாதாரண பூஸ்டர் அத ஒத்தையடிப் பாதை ஆக்கிடுது. சிக்னல் நம்பர் ஏறுது, வேகம் இறங்குது. கிட்டத்தட்ட செத்துப்போன சிக்னல்ல போன் கால் பேசவும் மெசேஜ் அனுப்பவும் பூஸ்டர் நல்லாவே உதவும், அத மறுக்கல. மீட்டிங்குக்கு வாங்குறதுனா யோசிங்க.

இன்னொரு தலைவலி, கல்யாண மண்டபத்துல மைக்க ஸ்பீக்கர் பக்கம் கொண்டு போனா 'கூய்ங்'னு கத்தும்ல, பூஸ்டரோட வெளி ஆன்டெனாவும் உள் ஆன்டெனாவும் கிட்ட கிட்ட இருந்தா அதே கதை, அது தானா பவர குறைச்சிக்கும். நம்ம டிரெய்லர் நீளமே 24 அடி, எங்க தள்ளி வைக்கிறது? வண்டில மாட்டுற பூஸ்டருக்கு எஃப்சிசி 50 டெசிபல்னு உச்சவரம்பு வச்சிருக்கு, வீட்டுக்கு விக்கிறது அதவிட பவர் ஜாஸ்தி, ஆனா அத ஓடுற வண்டில மாட்டக்கூடாது. எதுவானாலும் உங்க சிம் கம்பெனில ரெஜிஸ்டர் பண்ணணும், இத பண்றவங்க கம்மி, பண்ணணும்.

அதே காசுக்கு சிம் போடுற ரவுட்டர் ஒண்ணு, கூரை மேல நாலு கம்பி உள்ள ஆன்டெனா ஒண்ணு வாங்குனா பாதைங்க குறையாது, வேகமும் வரும். இப்ப எங்க வண்டில அதுதான். பூஸ்டர் கராஜ்ல தூங்குது.

"ஸ்டார்லிங்க் சாட்டிலைட் இன்டர்நெட் வாங்கிட்டா இந்த தலைவலி எல்லாம் ஓவர் தானே?"

திறந்த வெளில ஓவர். நெவாடா, யூட்டா பாலைவனத்துல நிறுத்தி டிஷ்ஷ தரையில வச்சா பத்து நிமிஷத்துல வீட்டு இன்டர்நெட் மாதிரி. பழைய சாட்டிலைட் இன்டர்நெட்ல பேசுனா பதில் வர அரை செகண்டுக்கு மேல ஆகும், ஏன்னா அது 35,786 கிலோமீட்டர் உயரத்துல இருக்கு. இது சுமார் 550 கிலோமீட்டர்தான், அதனால மீட்டிங் சாதாரணமா ஓடும்.

மரம் இருந்தா கதையே வேற. கலிஃபோர்னியா வடக்கால ரெட்வுட் காட்டுக்குள்ள நிறுத்துனோம், உலகத்துலயே உயரமான மரம் அதுதான், 300 அடி சர்வ சாதாரணம், அழகுன்னா அப்படி ஒரு அழகு. டிஷ் மட்டும் வானத்த தேடுது தேடுது, பத்து செகண்டு வருது இருபது செகண்டு போகுது, நான் கிளையன்ட்டுக்கு டெமோ காட்டிட்டு இருக்கேன், வாய திறந்தபடியே ஃப்ரீஸ் ஆயிட்டேனாம், அந்த ஸ்கிரீன்ஷாட்ட டீம்ல இன்னும் வச்சிருக்காங்க. கோடைல நிழல் தேடி மரத்தடில வண்டிய போடணும்னு மனசு சொல்லும், டிஷ்ஷுக்கு திறந்த வானம் வேணும். அதனால நீளமான கேபிள் வாங்கி டிஷ்ஷ தள்ளி வச்சுக்கோங்க. ஆப்ல கேமராவ சுத்தி காட்டுனா எங்க மறைக்குதுன்னு சொல்லும், இங்க வடக்குப் பக்க வானம் ரொம்ப முக்கியம். ஒதுங்க ஒரு பக்கம் கூட இல்லன்னா போன் சிம்தான் கதி, அதான் ரெண்டும் வேணும்னு சொல்றேன்.

"கரென்ட் கனெக்‌ஷன் இல்லாத இடத்துல நிக்கப்போறோம், பேட்டரி தாங்குமா?"

கரென்ட் ஹூக்கப் இருக்கிற சைட்ல இந்த கேள்வியே வராது. சில அரசாங்க நிலத்துல ஃப்ரீயா 14 நாள் வரைக்கும் நிக்கலாமே, அங்கதான் வரும். 100 ஆம்ப்-ஹவர் லித்தியம் பேட்டரின்னா கிட்டத்தட்ட 1,280 வாட்-ஹவர். பெரிய ஸ்டார்லிங்க் டிஷ் 75லேர்ந்து 100 வாட் இழுக்கும், பத்து மணி நேரம் ஓட்டுனா குறைஞ்சது 750, பேட்டரில பாதிக்கு மேல அவ்ளோதான், அதுக்கப்புறம் ஃப்ரிட்ஜ், லைட்டு, தண்ணி பம்பு எல்லாம் மிச்சத்துல ஓடணும். சின்ன மினி டிஷ் 25லேர்ந்து 40 வாட், பத்து மணி நேரத்துக்கு முன்னூறு நானூறுல அடங்கிடும். வாடகை வண்டில இருக்கிறது லெட் ஆசிட் பேட்டரின்னா சொன்ன அளவுல பாதிதான் எடுக்கலாம், மீறுனா பேட்டரி கெட்டு டெபாசிட்ல கை வைப்பான்.

முடிஞ்சா இன்வெர்ட்டர் இல்லாம நேரா 12 வோல்ட்ல ஓட்டுங்க. 12 வோல்ட்ட 110 ஆக்கி மறுபடி கீழ இறக்குறதுல சும்மாவே கொஞ்சம் போயிடும். ராத்திரி தூங்கப் போகும்போது டிஷ்ஷ ஆஃப் பண்ணுங்க, இத சொன்னா பசங்க என்ன வில்லி மாதிரி பாக்குறாங்க.

"வீட்டுல இருக்கிற 5ஜி ஹோம் இன்டர்நெட் டப்பாவ அப்படியே தூக்கிட்டு போனா?"

அந்த பிளான் வீட்டு அட்ரஸுக்கு குடுத்தது. சிலருக்கு கொஞ்ச நாள் ஓடும், அப்புறம் ஒரு நாள் நிறுத்திடுவான், எந்த நாள்னு முன்னாடி சொல்லமாட்டான். ஊர் சுத்துறவங்களுக்குன்னே தனி பிளான் விக்கிறாங்க, அத எடுங்க.

"மேனேஜருக்கு தெரியாம ரோட்ல இருந்தே வேலை பாக்கலாமா?"

இன்டர்நெட் பத்தி மட்டும் சொல்றேன், மனசாட்சி உங்க பொறுப்பு. செல் நெட்வொர்க்ல போனா நீங்க ஒரு மாநிலத்துல இருக்கும்போது வேற ஊர்லேர்ந்து லாகின் ஆன மாதிரி காட்டும், அத பாத்து செக்யூரிட்டி டீமே முதல்ல போன் பண்ணுவாங்க, அப்ப தானா தெரிஞ்சிடும். சொல்லிட்டே போங்க. எச்1பி வேலை விசால இருக்கிறவங்க கண்டிப்பா சொல்லணும், உங்க வேலை எந்த ஊர்னு பேப்பர்ல இருக்கு, வெளிய போய் வேலை பாக்குறதுக்கு பொதுவா வருஷத்துக்கு 30 வேலை நாள், சில நிலைமைல 60ன்னு கணக்கு இருக்கு, கம்பெனி வக்கீல்கிட்ட கேட்டுக்கோங்க.

எங்க பழக்கம் இதுதான்: வண்டி நகர்றது சனிக்கிழமை மட்டும். ஞாயித்துக்கிழமை சாயங்காலம் எல்லா சிம்மும், டிஷ்ஷும் போட்டு டெஸ்ட். தேறலன்னா அன்னைக்கு ராத்திரியே லைப்ரரி எங்க இருக்குன்னு பாத்து வச்சிடுவோம். திங்கக்கிழமை காலைல ஒம்பது மணி மீட்டிங்க வச்சுக்கிட்டு எட்டே முக்காலுக்கு சிக்னல் தேடுறவங்க ரொம்ப பேர், நானும் அதுல ஒருத்தியா இருந்தவதான்.

"அப்பா அம்மா ஊர்லேர்ந்து வர்றாங்க, அவங்க இந்தியா போன்ல இங்க சிம் போட்டா வேலை செய்யுமா? பேங்க் ஓடிபி வருமா?"

போன் மாடலப் பொறுத்தது. இங்க மூணு பெரிய கம்பெனியும் 2022லயே 3ஜிய மூடிட்டாங்க, அதனால கால் பேசணும்னாலே 4ஜி வழியா பேசத் தெரிஞ்ச போனா இருக்கணும், ஏடி அண்ட் டி அவங்க லிஸ்ட்ல இல்லாத போன ஏத்துக்கவே மாட்டேங்குது. இந்தியா போனுக்கு டி-மொபைல் டவர் சிம்தான் ஓரளவு ஒத்து வரும், ஆனா அந்த 600 மெகாஹெர்ட்ஸ் அலை நிறைய இந்தியா மாடல்ல கிடையாது, டவுன்ல ஓடும், காட்டுக்குள்ள உங்க போன்ல வர்றது அவங்க போன்ல வராது. வண்டில ஒரு ஹாட்ஸ்பாட் வச்சு அவங்கள வைஃபைல விட்டுடுங்க, வாட்ஸ்ஆப் ஓடுனா அவங்களுக்கு போதும்.

ஓடிபிக்கு இந்தியா சிம்ல இன்டர்நேஷனல் ரோமிங்க அங்க இருக்கும்போதே ஆன் பண்ணிட்டு வரணும், இங்க வந்து பண்றது பெரிய பாடு. மெசேஜ் வர்றதுக்கு டவர் வேணும், வெறும் வைஃபை மட்டும் நம்பாதீங்க. பார்க்குக்குள்ள நுழையுறதுக்கு முன்னாடி டவுன்லயே பேங்க் வேலைய முடிச்சிடச் சொல்லுங்க.

"எங்கெல்லாம் சுத்தமா சிக்னல் இருக்காது? அங்க ஏதாவது ஆனா என்ன பண்றது?"

எல்லோஸ்டோன்ல ஓல்ட் ஃபெய்த்ஃபுல், மேமத் மாதிரி ஆள் கூடுற இடம் தவிர பெரும்பாலும் இல்ல. டெத் வேலி, டெக்சாஸ்ல பிக் பெண்ட், கலிஃபோர்னியா ஹைவே 1ல பிக் சர் பக்கம், இதெல்லாம் மணிக்கணக்குல வராது. நெவாடால யூஎஸ் 50 ரோட்ல ஃபாலன்லேர்ந்து ஈலி வரைக்கும் கிட்டத்தட்ட 250 மைல், நடுவுல ஆஸ்டின், யுரேகான்னு ரெண்டே குட்டி ஊர். வெஸ்ட் வர்ஜீனியால கிரீன் பேங்க் இன்னும் வேடிக்கை, அங்க பெரிய ரேடியோ டெலஸ்கோப் இருக்கு, அதுக்காக சுத்தி 13,000 சதுர மைல 1958லயே ரேடியோ அமைதி மண்டலம்னு அறிவிச்சுட்டாங்க, டெலஸ்கோப் பக்கத்துல செல் சிக்னலையே மறந்துடுங்க.

கிளம்புறதுக்கு முன்னாடி மேப்ப ஆஃப்லைனா இறக்கிடுங்க. ஐபோன் 14லேர்ந்து சாட்டிலைட் வழியா அவசர மெசேஜ் அனுப்ப முடியும், 2025லேர்ந்து டி-மொபைல்லயும் சாட்டிலைட் வழி மெசேஜ் இருக்கு. ரெண்டுக்கும் திறந்த வானம் வேணும், ரெட்வுட் கதைய மறக்காதீங்க. வீட்டுல யாராவது ஒருத்தருக்கு "இன்னைக்கு இந்த ரோடு, இத்தன மணிக்குள்ள மெசேஜ் வரலன்னா தேடு"ன்னு சொல்லிட்டு போங்க.

"அப்படியே பார்டர் தாண்டி கனடா போலாம்னு பிளான், இதே செட்டப் ஓடுமா?"

நிறைய அன்லிமிடெட் பிளான்ல கனடா சேர்த்திதான், ஆனா ஃபுல் வேகத்துக்கு தனி அளவு, ஹாட்ஸ்பாட் விஷயத்துல சொன்ன அதே கதை, அத தாண்டுனா ஆமை. ஸ்டார்லிங்க் ரோம் பிளான் அங்கயும் ஓடும். ஆபீஸ் லேப்டாப்ப கனடால திறக்கலாமான்னு கம்பெனில முன்கூட்டியே கேட்டுடுங்க, நாடு மாறுனா லாக் பண்ற கம்பெனிங்க நிறைய.

பான்ஃப் பக்கம் போறவங்களுக்கு: லேக் லூயிஸ்லேர்ந்து ஜாஸ்பர் வரைக்கும் 230 கிலோமீட்டர் மலை ரோடு, உலகத்துலயே அழகான ரோடுன்னு நான் சத்தியம் பண்ணுவேன், சிக்னல் கிட்டத்தட்ட இல்ல. கேம்ப்சைட் புக்கிங் மெயில போன்ல திறந்து காட்டலாம்னு போய் கேட்ல நின்னு வட்டம் சுத்துறத பாத்துட்டு இருந்தோம், பின்னாடி ஆறு வண்டி. அதுலேர்ந்து எல்லா புக்கிங்கும் பிரின்ட் எடுத்து கிளவ் பாக்ஸ்ல.